பத்தாவது மனிதர்

(தசலட்சணப் பருவத்தின் நிறைவில், முக்கொம்பில் கூடிய சமணக் குடும்பங்களின் முன் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஒன்றாக வந்த காவிரி, காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரியும் இடம் முக்கொம்பு. பிரிந்த இரு கிளைகளுக்கும் நடுவே திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையால் காவிரிக்குரிய நீர் காவிரிக்கே கிடைத்தது. தஞ்சை வயல்கள் பிழைத்தன. ஆடிப்பெருக்கு நாளில் கட்டுச்சோற்றுடன் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து கூடும் கரை இது. இன்று இங்குக் கூடியிருப்போர் வேறொரு காரணத்துக்காகக் கூடியுள்ளனர். பத்து நாள் தசலட்சண நோன்பு நிறைவுற்றது. ஓராண்டில் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளும்படி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் க்ஷமாவணி நாள் வந்துள்ளது.

இத்தகைய நாளில் யூதர்களின் தொழுகைக் கூடத்தைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. விடை எளிது. யூதர்களுக்கும் இப்பருவத்தை ஒட்டியே பத்துத் தூய நாட்கள் உண்டு. அவற்றின் நிறைவிலும் மன்னிப்பே வைக்கப்பட்டுள்ளது. அவர்தம் பொது வழிபாட்டைத் தொடங்கப் பத்துப் பேர் வேண்டும் என்னும் விதியும் உண்டு. அந்தப் பத்தாவது மனிதர் இல்லாமற்போனபோது நானூறு ஆண்டுப் பழமையுடைய ஒரு சபைக்கு நேர்ந்தது என்ன என்பதைக் கொச்சியில் இன்றும் கண்ணாற் காணலாம். எண்ணிக்கையிற் சிறியவர்களான தமிழ்ச் சமணர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

பள்ளி என்னும் பெயர்

பள்ளி என்னும் தமிழ்ச்சொல்லுக்குச் சமணத் துறவியரின் உறைவிடம் என்பது பழம்பொருள். துறவியர் எழுத்தறிவித்த இடமாதலின் அதுவே கல்விக்கூடத்துக்கும் பெயராயிற்று என்பர். சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல்லே நிற்கிறது. மலைக்கோட்டைப் பாறையின் குகைத்தளத்தில் கற்படுக்கைகள் உள்ளன. சிரா என்னும் பெயர்ப் பொறிப்பும் உள்ளது. மலையாள நாட்டிலே அச்சொல் மேலும் விரிந்தது. அங்குக் கிறித்தவர் தேவாலயமும் பள்ளி. இசுலாமியர் தொழுமிடமும் பள்ளி. யூதர் தொழுமிடமும் பள்ளி. மட்டாஞ்சேரியில் வழி கேட்போர் ஜூதப்பள்ளி எங்கே என்றுதான் கேட்கின்றனர்.

மலையாளக் கரையில் யூதர் வாழ்ந்ததற்குரிய முதன்மைச் சான்று செப்பேடு ஒன்று. சேர மன்னன் பாஸ்கர ரவி, கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கினான். பகல் விளக்கும், பல்லக்கும், குடையும், பறையும், தோரணமும் அவ்வுரிமைகளுள் அடங்கும். ஏடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் மொழியோ தமிழறிந்தோர் பெருமளவு விளங்கிக்கொள்ளக் கூடியது. முயிரிக்கோடு என்பது சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறையே. இளங்கோவடிகள் உறைந்த குணவாயிற்கோட்டத்தையும் அக்கொடுங்கல்லூர்ப் பகுதியிலேயே அறிஞர் பலர் வைத்துக் காண்கின்றனர். சிலப்பதிகாரம் பிறந்ததாகக் கருதப்படும் அதே மண்ணில் யூத வணிகரும் சேர மன்னனிடம் குடையும் தோரணமும் பெற்று வாழ்ந்தனர் என்பது தமிழர்க்கு அணுக்கமான செய்தி.

பின்னர் அவர்கள் கொச்சிப் பக்கம் பரவினர். ஸ்பெயின், போர்ச்சுகல், பாக்தாத், அலெப்போ முதலிய இடங்களிலிருந்து வந்து சேர்ந்தோர் பரதேசிகள் எனப்பட்டனர். 1568இல் அவர்கள் கட்டிய பரதேசிப் பள்ளி, கொச்சி அரசர் அளித்த நிலத்தில், அரண்மனைக் கோயிலை அடுத்து நிற்கிறது. சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் அதன் தரையை மூடியுள்ளன. உள்ளே செல்வோர் காலணியைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும். தோராச் சுருளுக்குரிய பொன்முடி ஒன்றைத் திருவிதாங்கூர் மன்னர் 1805இல் வழங்கினார். அதே மட்டாஞ்சேரியில் குஜராத்திச் சமணர்கள் எழுப்பிய தர்மநாதர் ஆலயமும் உள்ளது.

ஓராண்டின் சுற்று

யூதர்களின் ஆண்டு, சமணர்களின் ஆண்டைப் போலவே நிலவையும் கதிரவனையும் சேர்த்துக் கணிப்பது. பருவம் பிறழாதிருக்கும் பொருட்டு, 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஒரு மாதம் மிகுதியாகச் சேர்க்கப்படும்.

அவ்வாண்டின் அடிப்படை வாரந்தோறும் வரும் சப்பாத் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதற்குள் சமையல் முடிந்திருக்க வேண்டும். விளக்கும் ஏற்றியிருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை விண்மீன்கள் தோன்றும்வரை அடுப்பு மூட்டுவதில்லை, வணிகம் இல்லை, எழுதுவதும் இல்லை. பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் சமண இல்லத்தார்க்கு, மேற்கு வானைப் பார்த்து வேலையை அமைத்துக்கொள்ளும் இவ்வொழுங்கு புதிதன்று.

பங்குனி, சித்திரையை ஒட்டி வருவது பெசாக் பெருநாள். அந்நாட்களில் புளித்த மாவு வீட்டில் துளியும் இருத்தலாகாது. கொச்சி யூதரிடையே தங்கி ஆராய்ந்த நேதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பர்க் இருவரும் இவ்விழாவின் ஆயத்தத்தை விரிவாக எழுதியுள்ளனர். குளிர்காலத்தில் வரும் ஹனுக்கா விளக்குத் திருநாள் முடிந்தவுடனேயே கொச்சிப் பெண்கள் வேலையைத் தொடங்கிவிடுவர். அரிசியை மணி மணியாகப் பொறுக்குவர். மசாலைப் பொருள்களைத் துப்புரவு செய்து தனியே வைப்பர். சுவருக்கு வெள்ளையடிப்பர், கிணற்றை இறைத்துத் தூய்மை செய்வர். அவ்விழாவுக்கென்றே பூட்டி வைத்த பாத்திரங்களை எடுப்பர். மூன்று திங்கள் உழைப்பு. எட்டு நாள் விழா. நோன்புக்கு முன் தானியத்தைப் புடைத்துப் பூச்சி பார்த்து, நீரை வடிகட்டி, முந்தைய நாள் உணவை விலக்கி வாழும் சமணத் தாய்மார்கள் இவ்வுழைப்பின் அருமையை மற்ற யாரினும் நன்கு உணர்வர். விழா என்பது அந்த ஒரு நாளில் நிகழ்வதன்று. அதற்கு முன் பல நாட்கள் பெண்கள் கையால் நிகழ்வது.

மலையாள யூதப் பெண்கள் தம் தாய்மொழியான மலையாளத்தில் பாட்டுகளும் பாடினர். திருமணத்திலும் விழாவிலும் பாடும் அப்பாட்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதி மகளுக்கும் பெயர்த்திக்கும் கொடுத்தனர். எபிரேயம் மறை மொழியாக நின்றது. வீட்டு மொழி அதனருகே வாழ்ந்தது. பிராகிருதத்தில் பஞ்ச நமஸ்காரம் ஓதித் தமிழில் தோத்திரம் பாடும் வழக்கமும் இத்தகையதே.

புரட்டாசி, ஐப்பசியில் வருபவையே தலையாய திருநாட்கள். முதலில் புத்தாண்டு. அதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்னும் பெருநோன்பு. அதன்பின் ஐந்தாம் நாள் சுக்கோத் என்னும் குடில் திருநாள். முன்னோர் பாலைவனத்தில் குடிலமைத்து வாழ்ந்ததன் நினைவாக ஒவ்வொரு வீட்டாரும் முற்றத்தில் ஒரு குடில் அமைத்து அதில் உண்பர். குடிலின் கூரை மண்ணில் விளைந்த தழையால் ஆனதாக இருத்தல் வேண்டும்; கொச்சியில் அது தென்னங்கீற்று. அத்திருநாளின் முடிவில் மழை வேண்டி ஒரு வழிபாடு உண்டு. அவர்தம் புனித நாட்டில் மழைக்காலம் அப்போதே தொடங்குகிறது. ஐப்பசி அடைமழையை நோக்கியிருக்கும் தமிழ் உழவர்க்கும் அந்த வழிபாட்டின் காலம் பொருந்தியே வருகிறது.

அனைத்துக்கும் நிறைவாக வருவது தோரா மகிழ்ச்சித் திருநாள். மறையின் ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாக வகுத்து, வாரந்தோறும் சபையில் உரக்கப் படிப்பர். ஓராண்டு முடிவில் இறுதிப் பகுதியைப் படித்து, அந்த மூச்சிலேயே முதற்பகுதியைத் தொடங்கிவிடுவர். கொச்சியில் அன்று பள்ளிக்கு உள்ளேயே பட்டும் விளக்கும் கொண்டு தனியொரு மேடை அமைத்துச் சுருள்களை எழுந்தருளச் செய்வர். பின்னர் அவற்றை ஏந்திப் பாடிக்கொண்டே பள்ளியை வலம் வருவர். அயலாரும் வந்து காண்பர்.

இதைக் கேட்கும் தமிழ்ச் சமணர்க்கு உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் எழுதிய ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். காவிரிக் கரையில், முக்கொம்புக்குக் கீழே, கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் அவர் சீவக சிந்தாமணியின் பொருள் தேடிச் சமணர் இல்லம் ஒன்றுக்குச் சென்றார். வாயிலில் கோலமும் தோரணமும் கண்டு என்ன விசேடம் என்று வினவினார். பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது என்றனர். ஒரு நூலைப் படித்து முடித்ததற்கு வீடே விழாக் கோலம் கொண்டது. அத்தகைய இல்லத்தார் சொன்ன விளக்கங்களின் துணையோடுதான் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தோராத் திருநாளைக் கொண்டாடுவோரும் சுருத பஞ்சமியில் ஏடுகளுக்கு வழிபாடு செய்வோரும் நூலை நூலாக மட்டும் கருதுவோர் அல்லர்.

பத்து நாட்கள்

வேறுபாடுகளை மறைத்தல் கூடாது. யூதர் ஊனுண்போர். ஆட்டுக்கொம்பை ஊதிப் புத்தாண்டை அறிவிப்போர். உலகைப் படைத்த ஒரே கடவுளைத் தொழுவோர். அருக நெறிக்கு இவை உடன்பாடல்ல. ஆயினும் புத்தாண்டு முதல் யோம் கிப்பூர் வரை உள்ள பத்து நாட்களும், பாத்திரபதத்து வளர்பிறை ஐந்தாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் நிறைவுறும் தசலட்சணமும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பல ஆண்டுகளில் இரு வார இடைவெளியில் வரும்.

தசலட்சணத்தின் பத்து அறங்களில் முதலாவது உத்தம க்ஷமை, அதாவது மேலான பொறுமை. பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், ஈகை, பற்றின்மை, பிரம்மச்சரியம் ஆகிய ஒன்பதும் அதன்பின் வருகின்றன. யூதரின் பத்து நாட்களும் தன்னைத் தான் ஆராய்ந்து திரும்பி வருதற்கு உரியவை. ஒன்பதாம் நாள் கதிரவன் மறைவதற்கு முன் தொடங்கி மறுநாள் இரவு வரை, 25 மணி நேரம் உணவும் நீரும் இன்றி நோற்பர். வெண்ணிற ஆடை அணிவர். அன்று தோற்செருப்பு அணிதலும் விலக்கு. அன்று பிற்பகல் யோனா என்னும் சிறு நூல் படிக்கப்படும். நினிவே என்னும் மாநகரம் அழியவில்லையே என்று வருந்திய ஒருவனுக்கு, அந்நகரத்து மக்களோடு அங்குள்ள திரளான கால்நடைகளும் இரக்கத்துக்குரியவை அல்லவா என்று இறைவன் சொல்வதோடு அந்நூல் முடிகிறது. ஆண்டின் மிகத் தூய நாளில் விலங்குகளின் உயிரையும் எண்ணச் செய்யும் அந்த முடிவு சமணர் உள்ளத்துக்கு உவப்பானது.

யூத அறநூலோர் இந்நாளைக் குறித்து வகுத்த விதி ஒன்று மிகக் கடுமையானது. இறைவனுக்கு எதிராகச் செய்த பிழைகளை யோம் கிப்பூர் நீக்கும். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையையோ, பிழைக்கப்பட்டவரிடம் நேரிற் சென்று மனம் ஆற்றினாலன்றி அந்நாளும் நீக்காது. எத்தனை நாள் பட்டினி கிடப்பினும் பயனில்லை. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் இதை மேலும் விளக்கினார். ஒருவர் மன்னிக்க மறுத்தால், நண்பர் மூவரை உடன் அழைத்துச் சென்று கேட்க வேண்டும். மீண்டும் மறுத்தால் மீண்டும் செல்ல வேண்டும். மும்முறை கேட்டும் இரங்காதவரே பின்னர்க் குற்றமுடையவர் ஆவார். ஆகவே பத்து நாட்களும் அவர்கள் பள்ளிக்கு மட்டும் செல்வதில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் செல்கின்றனர்.

ஆற்றங்கரையில் கூடியிருக்கும் இவ்வவைக்குப் பொருத்தமான வழக்கம் ஒன்றும் உண்டு. புத்தாண்டின் முதல் நாள் பிற்பகலில் பல நாட்டு யூதர்கள் ஓடும் நீர்க்கரைக்குச் செல்வர். சட்டைப் பையை உதறி, பிழைகளை நீரில் விட்டதாகப் பாவித்து இறைஞ்சுவர். ஆற்றில் மூழ்குவதால் வினை கழியும் என்று எண்ணுவதை உலக மூடம் என அருங்கலச்செப்பு கடிகிறது. நீர் வினையைக் கழுவாது. யூத அறிஞரும் நீருக்கு அவ்வாற்றல் உண்டு என்று சொல்லவில்லை. உதறியபின் அயலார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்னும் விதி அப்படியே நிற்கிறது.

சமணர்க்கு இக்கரையிலேயே அதற்கொரு சான்று உண்டு. கவுந்தியடிகள், கோவலனையும் கண்ணகியையும் அழைத்துக்கொண்டு திருவரங்கத்தில் சாரணரை வணங்கி, ஓடமேறித் தென்கரை சேர்ந்தார். அங்கே ஒரு சோலையில் வீணர் இருவர், அவ்விருவரையும் தம் மக்கள் என்ற அடிகளின் சொல்லைப் பிடித்துக்கொண்டு இழிவாக நகைத்தனர். கண்ணகி செவியைப் பொத்தி நடுங்கினாள். அடிகள் அவர்களை நரிகளாகுமாறு சபித்தார். அன்றே நரியின் ஊளை கேட்டது. இழிவுபடுத்தப்பட்ட அந்தக் கணவனும் மனைவியுமே அவர்களுக்காக இரங்கினர். அறியாமையால் செய்த பிழையைப் பொறுத்து மீளும் காலத்தை அருளுமாறு வேண்டினர். உறையூர் மதிற்புறத்துக் காட்டில் பன்னிரு திங்கள் திரிந்தபின் பழைய உருவம் பெறுக என்று அடிகள் அருளினார். தண்டனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஓராண்டைக் கடக்கலாகாது. க்ஷமாவணி ஆண்டுதோறும் வருவதன் பொருள் இதனினும் தெளிவாக வேறு எங்கும் சொல்லப்படவில்லை.

பத்துப் பேர்

பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பத்துப் பேர் கூடினாலன்றி யூதப் பள்ளியில் பொது வழிபாடு நடைபெறாது. இந்த எண்ணிக்கைக்கு மின்யான் என்று பெயர். இன்று வெளிநாடுகளில் பெண்களையும் சேர்த்து எண்ணும் சபைகள் உண்டு. கொச்சியில் பழைய முறையே நின்றது. பத்துப் பேர் இல்லையேல் தோராச் சுருளைத் திறந்து முறைப்படி படித்தல் இல்லை. தந்தையை இழந்த மகன் பதினொரு திங்கள் சொல்ல வேண்டிய கதீஷ் என்னும் துதியும் இல்லை. ஒன்பது பேரும் கல்விக் கடல்களாயினும் பத்தாகார். பத்தாவதாக வருபவர் எழுத்தறியாச் சுமைகாரராயினும் வழிபாடு தொடங்கிவிடும். அங்குத் தகுதி வருகையே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கேரளத்தில் எட்டு யூதப் பள்ளிகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, சேந்தமங்கலம், பரவூர், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. யூதர் தொகை ஏறத்தாழ 2,500. 1948இல் இஸ்ரேல் தோன்றியது. 1950களில் ஊர் ஊராக மக்கள் புறப்பட்டனர். அவர்களை யாரும் துரத்தவில்லை. அரசர் ஆதரித்த மக்கள் அவர்கள். அயலார் அன்பு காட்டிய மக்கள். புனித நாட்டின் மீது கொண்ட காதலும், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய எண்ணமும் அவர்களை அழைத்துச் சென்றன. இஸ்ரேலில் நெவாத்திம் முதலிய குடியிருப்புகளில் அவர்கள் இன்றும் நன்றாக வாழ்கின்றனர்.

பள்ளிகள் இங்கே நின்றன. மாளாப் பள்ளி 1955இல் ஊராட்சியின் பொறுப்புக்கு வந்தது. சேந்தமங்கலமும் பரவூரும் அரசு பேணும் அருங்காட்சியகங்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடு மிக்க உட்பகுதி ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளது. இங்கே எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019இல் மழைக்கு இடிந்து விழுந்தது. எர்ணாகுளத்துப் பள்ளி ஒன்றின் முன்பகுதியில் வண்ணமீனும் செடியும் விற்கும் கடை நடந்தது. பரதேசிப் பள்ளி தன் நானூறாம் ஆண்டை 1968இல் பிரதமர் இந்திரா காந்தி வருகை தரக் கொண்டாடியது; அஞ்சல் தலையும் வெளியாயிற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கேயே பத்துப் பேர் அரிதாயினர். எர்ணாகுளத்திலிருந்து வருவோரையும், சுற்றுலாவாக வந்த வெளிநாட்டு யூதரையும் சேர்த்து எண்ணித் திருநாள் நடத்தினர். 2019இலும் 2024இலும் மூத்த பெண்மணிகள் இருவர் மறைந்தபின், எஞ்சியோரை எண்ண ஒரு கையின் விரல்களே மிகை. நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்ப்போர் நாளும் நூற்றுக்கணக்கில் வருகின்றனர். கூட்டத்துக்குக் குறைவில்லை, பத்துப் பேர்தாம் இல்லை.

சென்னையிலும் இதுவே கதை. 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மென் வரிசையில் யூத வணிகரும் இருந்தனர். பவழ வணிகத்தின் நினைவாகப் பவழக்காரத் தெரு உள்ளது, ஓர் இடுகாடு உள்ளது, சபை இல்லை.

வாயிற்படியில் நின்றவர்

கொச்சிக் கதையில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. அதை விட்டுவிட்டால் பாடம் நிறைவுறாது. பரதேசிகள் தம்மை உயர்ந்தோராகக் கருதினர். அடிமைத் தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அதே மறையை ஓதி, அதே நோன்பை நோற்றபோதும், பரதேசிப் பள்ளியில் மற்றவர்க்குச் சமமாக அமர இயலவில்லை. முன்கூடத்திலும் தரையிலும் இருத்தப்பட்டனர். தோராவைப் படிக்க அவர்களை அழைக்கவில்லை. பெண் கொடுத்தலும் கொள்ளலும் இல்லை.

அவ்வழியில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். வழக்கறிஞர், கொச்சிச் சட்டமன்ற உறுப்பினர், காந்தியடிகளின் வழியில் ஈடுபாடு கொண்டு 1929 லாகூர் காங்கிரஸுக்குச் சென்றவர். அவர் தம் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் தொடங்கினார். யாரையும் வைதிலர், பள்ளியைத் துறந்து வேறு பள்ளியும் கட்டிலர். தொழுகை நேரத்தில், தமக்கு மறுக்கப்பட்ட இடத்தில் அமைதியாகச் சென்று அமர்ந்தார். படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. 1950 அளவில் திருமணத் தடையும் உடைந்தது. யூத காந்தி என்று பெயர் பெற்ற அவர் 1967இல் மறைந்தார். ஆனால் கதவு முழுதும் திறந்த காலத்தில் வீதி காலியாகத் தொடங்கியிருந்தது. முன்கூடத்தில் இருத்தப்பட்டவரும் ஆள்தான் என்பது, ஆள் தேடும் நாள் வந்தபோதே பலர்க்கும் விளங்கியது.

தமிழ்ச் சமணர் எண்ண வேண்டியது

சமணர் தம் வரலாற்றைப் பேசும்போது பகைவர் இழைத்த துன்பங்களையே முதலிற் பேசுவது வழக்கம். மட்டாஞ்சேரி சொல்லும் பாடம் வேறு. பகைவன் ஒருவனும் இல்லாமலே ஒரு சபை முடிந்துபோக இயலும். அதற்குச் சான்று தேடிக் கொச்சி வரை செல்லவும் வேண்டா. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ளது சித்தன்னவாசல். ஏழடிப்பட்டத்தில் துறவியர் கிடந்து தவம் செய்த வழவழப்பான கற்படுக்கைகள் உள்ளன. அறிவர் கோயிலில் தாமரைப் பொய்கை ஓவியம் உள்ளது. தொல்லியல் துறை நன்கு காக்கிறது. மாணவரும் பயணியரும் வந்து வியக்கின்றனர். நாள்தோறும் வழிபட ஒரு சிராவகர் இல்லத்தார் அங்கு இல்லை.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களில் ஜினாலயங்கள் இன்னும் வாழ்கின்றன. மேல்சித்தாமூர் மடம் விளங்குகிறது. ஆயினும் பல ஊர்களில் வீடுகள் பூட்டியுள்ளன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். அது குற்றமன்று, வாழ்க்கை. எனினும் தசலட்சணத்தின் ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் மாலை பூசையில் நிற்போரை எண்ணிப் பார்ப்பது ஒவ்வோர் ஊரார்க்கும் பயன் தரும்.

2018 ஆகஸ்டு 22 இரவு, இங்குள்ள மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் பெயர்ந்து போனதை இப்பகுதியார் மறந்திரார். எஞ்சிய மதகுகள் உறுதியாகவே நின்றன. தண்ணீருக்கு அது ஒரு பொருட்டன்று. திறந்த வழியே ஓடிற்று. ஒரு சமுதாயத்தையும் அதன் வலிய தூண்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. எவர் இடம் வெறுமையாக உள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அந்த இடத்துக்குரியவர் பல நேரங்களில் தொலைவில் இருப்பவர் அல்லர். அடுத்த தெருவில் இருப்பவர். நிலப் பங்கிலோ, கோயில் கணக்கிலோ, ஒரு திருமண வீட்டில் அழைப்பு முறை தவறியதிலோ மனம் முறிந்து, பத்தாண்டாக ஜினாலயத்து வாயிலை மிதியாதவர். வெளியிடத்தில் மணம் முடித்தமையால் தம்மை யாரும் அழைக்கமாட்டார்கள் என்று எண்ணி ஒதுங்கியவர். மந்திரம் சரியாகச் சொல்ல வராது என்று நாணிப் பின்வரிசையிலும் நில்லாத இளைஞர். ஓதுவதற்கு வாய்ப்புத் தரப்படாத பெண்மக்கள். பத்தாவது மனிதர் இவர்களுள் ஒருவரே. அவரை அழைத்துவரும் வழி கூட்டத் தீர்மானம் அன்று, க்ஷமை. முதல் அறமாக அது வைக்கப்பட்டதற்கு ஒருகால் இதுவும் காரணம் ஆகலாம்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நகரங்களில் வாழும் குடும்பங்கள் தத்தம் பூர்விக ஊர் ஜினாலயத்துக்குத் தசலட்சணத்தின் பத்து நாட்களையும் பங்கிட்டு முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளேனும் பத்துக்குக் குறையாத வண்ணம் நிற்கலாம். இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு நூலைச் சிறுவர் சிறுமியர் வாய்விட்டுப் படித்து முடிக்கச் செய்யலாம். அருங்கலச்செப்பிலிருந்து தொடங்கலாம், முடியும் நாளில் கும்பகோணத்து முன்னோரைப் போல் வாயிலில் தோரணம் கட்டலாம். மூன்றாவது மிகக் கடினமானது. செலவோ ஒன்றும் இல்லாதது. கைப்பேசியில் நூறு பேருக்கு ஒரே நொடியில் உத்தம க்ஷமா என்று அனுப்புவது எளிது. அவர்களுள் தொண்ணூற்றொன்பது பேருடன் எந்தப் பிணக்கும் இல்லை. எஞ்சிய அந்த ஒருவரின் வீட்டுக்கு நேரிற் செல்ல வேண்டும். முதன்முறை கதவு திறவாவிட்டால் மறுமுறையும் செல்ல வேண்டும்.

சாதுர்மாஸ்யம் முடியவும், மகாவீரர் முத்தியடைந்த தீபாவளி வைகறைக்கு ஜினாலயத்தில் மீண்டும் கூடவும் இன்னும் சில வாரங்கள் உள்ளன. அந்த வைகறையில் ஒவ்வோர் ஊரிலும் சென்ற ஆண்டினும் ஒருவரேனும் மிகுதியாக நிற்பாராக.

அனைவர்க்கும் உத்தம க்ஷமா. வணக்கம்.